ரீயூனியனில் யாராவது தாக்கிக் காயப்படுத்தினால்: இழப்பீடு கேட்கும் வழி

ரீயூனியனில் யாராவது உங்களை அடித்தோ குத்தியோ காயப்படுத்தினால், அடித்த ஆள் பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். அவனிடம் ஐந்து காசு இல்லாவிட்டாலும் கேட்கலாம். உங்களிடம் தங்கும் அட்டை இல்லாவிட்டாலும் கேட்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் நம்புவதில்லை. கோயில் வேலைக்கு வந்து விசா முடிந்துபோனவர், படகில் வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஈழத்துப் பையன், புதுச்சேரியிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவர் என்று யாராக இருந்தாலும், குற்றம் பிரெஞ்சு மண்ணில் நடந்திருந்தால் போதும். 2013 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டவர் முறைப்படி தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் பாரிசில் உள்ள சட்டம்தான் இங்கேயும்.

பணம் வருவது ஒரு தேசிய நிதியிலிருந்து. ஃபோன் த காரந்தி என்பார்கள், உத்தரவாத நிதியம். பயங்கரவாதத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1986இல் தொடங்கியது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் மற்றக் குற்றங்களில் காயமடைந்தவர்களுக்கும் விரிந்தது. வீட்டுக்கும் வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டுகிற ஒவ்வொருவரிடமிருந்தும் ஒப்பந்தத்துக்குச் சில யூரோ பிடித்து இந்த நிதியில் சேர்க்கிறார்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை, கூச்சப்பட வேண்டாம். எவ்வளவு என்று முடிவு செய்வதில் ஒரு நீதிமன்றக் குழுவும் இருக்கிறது. அதன் பெயர் சிவி. மாவட்ட நீதிமன்றங்களில் இருக்கும், இந்தத் தீவில் சான் தெனியிலும் சான் பியேரிலும்.

இனி வரிசையாகப் பார்ப்போம்.

முதல் இரண்டு நாள்

உயிருக்கு ஆபத்து என்றால் 15 அல்லது 112. போலீசுக்கு 17. பேச முடியாத நிலையில் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாமல் போவது அடுத்த படி: காயம் சிறியதாகத் தோன்றினாலும் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே ஒரு டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவாக இருக்கலாம், பக்கத்துத் தெரு டாக்டராகவும் இருக்கலாம். மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால், இந்த வீக்கம் அந்த அடியால் வந்ததுதானா என்ற கேள்வி கடைசிவரை கூடவே வரும்.

டாக்டரிடம் எல்லாக் காயத்தையும் காட்டுங்கள். முகத்தில் தையல் போடுகிற அவசரத்தில் முதுகில் பட்ட உதையைச் சொல்ல மறந்துவிடுவோம். தூக்கம் வரவில்லை, காதில் சத்தம் கேட்கிறது, வெளியே போகப் பயமாக இருக்கிறது என்பதும் காயம்தான், அதையும் எழுதச் சொல்லுங்கள். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் "பரவாயில்லை, தாங்கிக்கலாம்" என்று சொல்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. டாக்டர் கேட்டதைத்தான் எழுதுவார். காயங்களை நீங்களே படமும் எடுத்து வையுங்கள், ஒரே நாளில் நிறுத்தாமல் தொடர்ந்து சில நாட்கள். கன்றிய இடம் மூன்றாம் நாளில்தான் முழுதாகத் தெரியும். கிழிந்த சட்டை, உடைந்த கண்ணாடி எதையும் துவைக்காதீர்கள், எறியாதீர்கள்.

அந்தச் சான்றிதழில் ஒரு எண் இருக்கும்: இத்தனை நாள் இதேதே என்று. இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் பாதி வழக்கு நகரும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வேலைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் தரும் விடுப்புச் சீட்டு வேறு, இது வேறு. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, நடப்பது, குழந்தையைத் தூக்குவது போன்ற அன்றாடக் காரியங்களை எத்தனை நாள் வழக்கம்போலச் செய்ய முடியாது என்பதுதான் கணக்கு. வேலை இல்லாதவருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், வயதான பாட்டிக்கும் இதேதே உண்டு. 8 நாளைத் தாண்டினால் அடித்தவன் மீதான குற்றம் ஒரு படி மேலே போகிறது. 8 நாளுக்குள் இருந்தால், ஆயுதம், கூட்டமாகச் சேர்ந்து அடித்தது, இனவெறி, அடித்தது கணவனோ மனைவியோ என்பது போன்ற கூடுதல் காரணம் ஏதும் இல்லாதவரை, சின்னக் குற்றமாகவே வைப்பார்கள். இழப்பீட்டுக்கோ ஒரு மாதம் என்பதுதான் பெரிய எல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் சான்றிதழில் எழுதிய நாட்களே கடைசி என்று இல்லை. வலி நீடித்தால் திரும்பப் போய் நீட்டித்து எழுதி வாங்கலாம். பெரும்பாலானவர்கள் போவதில்லை.

பெரிய காயம் என்றால் போலீசோ அரசு வழக்கறிஞரோ உங்களைச் சட்ட மருத்துவப் பிரிவுக்கு அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே எழுதும் சான்றிதழுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம்; அனுப்பினால் கட்டாயம் போங்கள்.

புகார்

சட்டப்படி பார்த்தால் இழப்பீடு கேட்கப் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, குற்றம் நடந்ததைக் காட்டினால் போதும். ஆனால் புகார் இல்லாமல் எதை வைத்துக் காட்டுவீர்கள்? எனவே கொடுத்துவிடுங்கள். பெரிய நகரங்களில் போலீஸ் நிலையம், மற்ற இடங்களில் ழாந்தார்மெரி என்ற காவல்படையின் நிலையம். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். சான் போலில் அடிபட்டுவிட்டுச் சான் பெனுவாவில் புகார் கொடுத்தாலும் அவர்கள் வாங்கிக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வாங்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். சான் தெனி அல்லது சான் பியேர் நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞருக்கு, அதாவது ப்ரோக்யூரருக்கு, ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார், சாட்சி யார் என்று எழுதி மருத்துவச் சான்றிதழின் நகலையும் இணைத்தால் அதுவே புகார்.

கவுண்டரில் இருப்பவர் "மேன் கூராந்த் போட்டுவிடலாம்" என்று சொல்லக்கூடும். அது வெறும் பதிவேட்டுக் குறிப்பு, புகார் இல்லை. உங்களுக்கு வேண்டியது ப்லேந்த், அதாவது புகார். "ழ வெ போர்த்தே ப்லேந்த்", புகார் கொடுக்க வேண்டும், என்ற ஒரு வரி தெரிந்தால் போதும். முடிந்ததும் ரசீதும் வாக்குமூல நகலும் கேட்டு வாங்குங்கள், இரண்டும் இலவசம்.

பிரெஞ்சு வராது, கிரியோலும் இன்னும் பிடிபடவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கென்றே அது எழுதியிருக்கிறது. செலவு அரசினுடையது. ஆள் நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசி வழியாகவும் பேசவைக்கலாம். பள்ளியில் படிக்கும் மகளை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அம்மா அடிபட்ட கதையைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அதோடு பாதி விவரம் விட்டும் போகும். தமிழில் படித்துக் காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். உங்கள் ஊரை, நிறத்தை, சாமியை இழுத்துத் திட்டிக்கொண்டே அடித்திருந்தால் அதை அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அது தண்டனையைக் கூட்டும் காரணம்.

இதற்கு இடையில் பெரியவர்கள் வருவார்கள். "போலீஸ் வேண்டாம்ப்பா, பேசித் தீர்த்துக்கலாம், ரெண்டாயிரம் யூரோ வாங்கிக்கோ" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நிதியத்தோடு அந்தத் தாளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வாங்கிய பணத்தையும் கழித்துக்கொள்வார்கள். தாடை எலும்பு சரியாகக் கூடாமல் மூன்றாவது அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது அந்த ரெண்டாயிரம் எந்த மூலைக்கு?

யாரிடம் உதவி கேட்பது

தனியாக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. 116 006 என்ற எண்ணை அழைத்தால் ஃப்ரான்ஸ் விக்தீம் என்ற அமைப்பு பேசும். அழைப்பு இலவசம், வாரம் ஏழு நாளும் உண்டு. தீவில் இருக்கும் அவர்களுடைய சங்கத்துக்கு அனுப்பிவைப்பார்கள். நீதிமன்றத்திலேயே பாதிக்கப்பட்டோர் உதவி அலுவலகம் என்று ஓர் அறை இருக்கும். அங்கே படிவம் நிரப்ப உதவுவார்கள், உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்வார்கள். இவர்கள் காசு கேட்க மாட்டார்கள். "சிவியில் வாங்கித் தருகிறேன், இருபது சதவீதம் கொடு" என்று வருகிற இடைத்தரகரைப் பார்த்தால் விலகிப் போங்கள்.

சிவிக்கு அவொக்கா, அதாவது வக்கீல், கட்டாயம் இல்லை. சின்னக் காயத்துக்கு இல்லாமலே செய்யலாம். நிரந்தரமாக ஏதாவது தங்கிவிடும் என்றால், என் கருத்தில், அவொக்கா இல்லாமல் போகவே கூடாது. எதிரில் உட்காருவது இதே வேலையைத் தினமும் செய்கிற நிதியம். வருமானம் குறைவு என்றால் அரசுச் சட்ட உதவி கேட்கலாம். பாலியல் வன்கொடுமை, கொலை போன்ற மிகக் கொடிய குற்றங்களில் வருமானம் பார்க்காமலே தருகிறார்கள். முன்பு அட்டை இல்லாத வெளிநாட்டவருக்குச் சட்ட உதவி இல்லை என்று ஒரு வரி சட்டத்தில் இருந்தது. 2024 மே 28இல் அரசியலமைப்பு மன்றம் அதை அடித்துவிட்டது. பழைய தகவலை வைத்துக்கொண்டு யாராவது "உங்களுக்குக் கிடைக்காது" என்றால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அடித்தது கணவர் என்றால் 3919, எந்த நேரமும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. கணவரை நம்பித்தானே அட்டை வந்தது, பிரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்று பயந்து அடி வாங்கிக்கொண்டு இருக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. குடும்ப இணைப்பில் வந்தவராக இருந்தாலும் பிரெஞ்சுக் குடிமகனை மணந்தவராக இருந்தாலும், வன்முறையால் சேர்ந்து வாழ்வது முறிந்தது என்ற காரணத்துக்காக அட்டையைப் பறிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. புகாரையும் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருக்க இது இன்னொரு காரணம்.

நீங்கள் எந்தப் பக்கம் சேருகிறீர்கள்

சிவியில் இரண்டு வாசல். ஒன்றில் முழு இழப்பீடு, உச்சவரம்பு இல்லை, உங்கள் வருமானத்தையும் பார்ப்பதில்லை. மரணம், நிரந்தரக் குறைபாடு, ஒரு மாதமோ அதற்கு மேலோ இதேதே, பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல் ஆகியவை இதில் வரும். மற்றதில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குக் குறைந்த காயங்கள். அங்கே வருமான வரம்பு உண்டு, தொகைக்கும் உச்சவரம்பு உண்டு, வேறு எங்கிருந்தும் ஈடு கிடைக்கவில்லை, அதனால் வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிரந்தரக் குறைபாடு இருந்தால் ஒரு மாதக் கணக்கு வேண்டியதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். தைப்பூசக் காவடிக்காகச் சான்த் ஆந்த்ரே பக்கத்துக் கோயிலுக்கு நாதஸ்வரம் வாசிக்க ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். இரவில் கைப்பையைப் பறிக்க வழிமறித்து முகத்தில் குத்துகிறார்கள். மேலுதடு கிழிகிறது, முன்பல் இரண்டு போகிறது. டாக்டர் எழுதுவது 12 நாள். இரண்டு வாரத்தில் அவர் நடக்கிறார், சாப்பிடுகிறார், சமைக்கிறார். ஒரு மாதம் ஆகவில்லை, அதனால் சின்ன வாசல்தான் என்று கவுண்டரில் யாரோ சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உதட்டில் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் அது நிரந்தரக் குறைபாடு. முழு இழப்பீட்டு வாசலில் நுழைய அதுவே போதும். சீவாளியை உதட்டில் பிடிக்க முடியாத நாதஸ்வரக்காரருக்குத் தொழிலே போய்விட்டது என்பதற்குத் தனித் தலைப்பிலும் கேட்கலாம். இதைப் பிரெஞ்சு டாக்டர் தானாக ஊகிக்க மாட்டார். அவர் நாதஸ்வரத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், வாசிக்க முயன்று காட்டுங்கள். சிற்பிக்கு மணிக்கட்டு, அர்ச்சகருக்கு முழங்கால், சமையல்காரருக்கு மோப்பம் என்று ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்று இருக்கும்.

சாலை விபத்து இதில் வராது, அதற்கு வேறு நிதி. வேலை நேரத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ தாக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவியுங்கள். அவர் அரசு சமூகக் காப்பீடான செகுரித்தே சோசியாலுக்கு அறிவிக்க வேண்டும். வெளியாள் அடித்திருந்தால் சிவிக்கும் போகலாம். அடித்தது முதலாளியோ உடன் வேலை செய்பவரோ என்றால் விதி சிக்கலாகிறது, அவொக்காவைக் கேட்டுவிட்டு நகருங்கள்.

சண்டையை நீங்களே தொடங்கியிருந்தால்? ரம் உள்ளே போய், வார்த்தை தடித்து, முதல் கை உங்களுடையது என்றால் தொகையைக் குறைப்பார்கள், முற்றிலும் மறுக்கவும் செய்யலாம். அதை மறைத்துப் புகார் எழுதினால் சாட்சி வாக்குமூலத்தில் வெளியே வரும். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே நல்லது.

மூன்று ஆண்டு

குற்றம் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவியில் மனு போட வேண்டும். குற்றவியல் வழக்கு நடந்திருந்தால், கடைசித் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 1 ஆண்டு வரை அந்தக் கெடு நீளும். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். இத்தகைய தாக்குதலுக்கு வழக்குத் தொடர 6 ஆண்டு, கொலை போன்றவற்றுக்கு 20 ஆண்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது அடித்தவனைத் தண்டிப்பதற்கான கெடு. உங்கள் பணத்துக்கான கெடு அதைவிடக் குறைவு. போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆள் அகப்படவில்லை என்று கோப்பை மூடிக் கடிதம் வந்தாலும் சிவி வாசல் மூடுவதில்லை. அடித்தவன் சிறுவனாக இருந்தாலும், மனநிலை சரியில்லாதவன் என்று விடுவிக்கப்பட்டாலும் அப்படியே.

கெடு தாண்டிவிட்டது என்றால், ஆஸ்பத்திரியில் கிடந்தேன், உரிமையைக் காக்க முடியாத நிலையில் இருந்தேன் என்பது போன்ற நியாயமான காரணத்தைச் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். கிடைக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அடித்தவன் பிடிபட்டு வழக்கு நடந்தால் அதில் பார்த்தி சிவில் ஆக, அதாவது இழப்பீடு கேட்கும் தரப்பாகச் சேருங்கள். நீதிபதி அவன் உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுத முடியும். அவன் கொடுக்காவிட்டாலும் அந்தத் தீர்ப்பு உங்கள் கோப்புக்குப் பலம்.

மனு

படிவத்தின் பெயர் சேர்ஃபா 12825. அரசு இணையதளத்தில் இருக்கும், நீதிமன்றத்திலும் கிடைக்கும். நீங்கள் குடியிருக்கும் இடத்துச் சிவியில் போடலாம், குற்றவியல் வழக்கு நடக்கும் நீதிமன்றத்துச் சிவியிலும் போடலாம். நேரில் கொடுங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்டணம் இல்லை.

கூட வைக்க வேண்டியவை: புகார் நகல், எல்லா மருத்துவச் சான்றிதழ்களும், ஆஸ்பத்திரி அறிக்கைகள், மருந்துச் சீட்டும் பில்லும், அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டுகள், வரி அறிவிப்பு, விடுப்புச் சீட்டுகள், செகுரித்தே சோசியாலும் மியூச்சுவல் என்ற கூடுதல் மருத்துவக் காப்பீடும் கொடுத்த தொகையின் விவரம், தீர்ப்பு வந்திருந்தால் அதுவும். தமிழில் உள்ள திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். குடும்பத்தலைவர் கொல்லப்பட்ட வழக்குகளில் இவைதான் முக்கியம், ஏனென்றால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் தங்கள் இழப்புக்குத் தாங்களே கேட்கலாம். அவர்கள் யாழ்ப்பாணத்திலோ காரைக்காலிலோ இருந்தாலும் கேட்கலாம், குற்றம் இங்கே நடந்திருக்கிறதே.

எல்லாவற்றின் மூலமும் உங்களிடம் இருக்கட்டும், நகலை மட்டும் கொடுங்கள்.

வருமானம் பற்றி ஒரு கசப்பான விஷயம். கணக்கில் காட்டாமல் கையில் வாங்கிய கூலி போனதற்கு ஈடு தர மாட்டார்கள், அது சட்டத்துக்குப் புறம்பான வருமானம் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. பூசைக்கு வந்தவர் தட்டில் விழுந்த தட்சிணைக்கும் காகிதம் இல்லை என்றால் கஷ்டம்தான். ஆனால் கோயில் சங்கம் கொடுத்த ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், வங்கியில் போட்ட தொகை இருந்தால் தேடி எடுங்கள். அப்புறம், வருமான இழப்பு ஒரு தலைப்பு மட்டும்தான். அனுபவித்த வலிக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டுத் தனித் தொகை உண்டு. முகத்தில் தங்கிய வடுவுக்கு உண்டு. நிரந்தரக் குறைபாட்டுக்குச் சதவீதக் கணக்கில் உண்டு. குளிப்பாட்டவும் சமைத்துப் போடவும் ஒருவர் உதவினாரே, அதற்கும் உண்டு. உதவியது சொந்தத் தங்கையாக இருந்தாலும், அவளுக்கு நீங்கள் ஒரு காசும் கொடுக்காவிட்டாலும் கேட்கலாம். நம்மவர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான். வீட்டு ஆள் செய்ததற்குக் கணக்கா என்று நினைக்கிறோம். எத்தனை வாரம், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கையில் காசு இல்லாமல் தவித்தால், மனுவோடு சேர்த்தோ பிறகோ முன்பணம் கேளுங்கள். அதற்குப் ப்ரொவிசியோன் என்று பெயர். குழுவின் தலைவர் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். காயம் இன்னும் ஆறாமல் கடைசித் தொகையைக் கணக்கிட முடியாத நிலைக்கென்றே இது இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் கேட்கலாம்.

போட்ட பிறகு

நீதிமன்றம் கோப்பை நிதியத்துக்கு அனுப்பும். முழுக் கோப்பு கிடைத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் நிதியம் உங்களுக்கு ஒரு தொகையை முன்வைக்க வேண்டும், அல்லது ஏன் தரவில்லை என்று சொல்ல வேண்டும். காகிதம் குறைந்தால் கேட்டு எழுதுவார்கள், அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுங்கள்.

பெரிய காயம் என்றால் நடுவில் டாக்டர் பரிசோதனை வரும். நிதியம் அனுப்பும் டாக்டர் உங்களைப் பார்த்து, காயம் இனி மாறாது என்ற நிலைக்கு எந்தத் தேதியில் வந்தது, என்ன மிச்சம் நிற்கிறது என்று எழுதுவார். தொகை முழுவதும் அந்த அறிக்கையிலிருந்து பிறக்கிறது. அங்கே உங்கள் பக்கத்து டாக்டர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம், அந்தச் செலவையும் பிறகு கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். மொழிபெயர்க்க ஒருவர் கட்டாயம் வேண்டும். குளித்து, நல்ல சட்டை போட்டு, சிரித்துக்கொண்டு "இப்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வரும் இடம் இல்லை இது. மோசமான நாளில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், பொய் வலி அவர்களுக்குத் தெரியும்.

தொகை சொல்லிக் கடிதம் வந்ததும் உங்களுக்கு 2 மாத அவகாசம். ஒப்புக்கொண்டால் குழுவின் தலைவர் அதற்கு முத்திரை போடுவார், பிறகு ஒரு மாதத்துக்குள் பணம் கணக்கில் விழும். பதில் போடாமல் இருந்தால் மறுத்ததாக அர்த்தம். ஒவ்வொரு தலைப்பாகப் பாருங்கள்: வலிக்கு எவ்வளவு, வடுவுக்கு எவ்வளவு, உதவிக்கு எவ்வளவு, எதை விட்டிருக்கிறார்கள் என்று. அவொக்கா இல்லாதவர்களும் இந்த ஒரு கடிதத்தை மட்டுமாவது உதவிச் சங்கத்தில் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

மறுத்தால் வழக்கு குழுவின் முன் போகும். இரண்டு நீதிபதிகள், கூடவே பாதிக்கப்பட்டோர் விஷயத்தில் அக்கறை உள்ள பொதுமக்களில் ஒருவர். விசாரணை மூடிய அறையில் நடக்கும், அடித்தவன் அங்கே இருக்க மாட்டான். முடிவு பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் சான் தெனி மேல்முறையீட்டு நீதிமன்றம். பணம் கொடுத்த பிறகு நிதியம் அடித்தவனைத் துரத்தித் துரத்தி வசூலிக்கும். அது அவர்கள் வேலை, நீங்கள் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

செகுரித்தே சோசியால், மியூச்சுவல், அடித்தவன் ஆகியோரிடமிருந்து வந்த தொகையைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். பிறகு ஏதாவது வந்தாலும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் திருப்பிக் கேட்பார்கள்.

சிவி வாசலில் சேராதவர்களுக்குச் சார்வி என்று இன்னொரு சேவை இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றம் அடித்தவன் உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று தீர்ப்பளித்து, அவன் 2 மாதம் ஆகியும் தரவில்லை என்றால், தீர்ப்பு இறுதியானதிலிருந்து ஓராண்டுக்குள் அங்கே கேட்கலாம். 1,000 யூரோ வரையான தொகையை முழுதாகத் தருவார்கள். அதற்கு மேல் என்றால் முதலில் 30 சதவீதம் தருவார்கள். அது 1,000 யூரோவுக்குக் குறையாது, 3,000 யூரோவைத் தாண்டாது. மீதியை அவனிடம் வசூலித்துத் தரப் பார்ப்பார்கள்.

பணம் வாங்கிய பிறகும் கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். சில வருடம் கழித்து அந்தக் காயமே மோசமானால், பொருத்திய தகடு உடைந்தாலோ பார்வை மேலும் மங்கினாலோ, கூடிய பாதிப்புக்கு மட்டும் மறுபடி சிவியில் கேட்கலாம். அப்போது பழைய பரிசோதனை அறிக்கையும் அதில் உள்ள தேதியும் வேண்டும். வீடு மாறினாலும், பிரான்சுக்கே போனாலும், புதிய முகவரியை நீதிமன்ற அலுவலகத்துக்கும் நிதியத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.